ஏட்டில் இருந்த இசையை நாட்டிற்கு அளித்த சுப்பராம தீட்சிதர்

தில்லைச் சிற்றம்பலத்தின் அருகே ஓர் அறையில் மூவர் தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்த வரலாற்றை நம் அன்பர்கள் நன்கறிவர். நம்பியாண்டார் நம்பியின் வழிகாட்டலால் சோழ மன்னன் அவ்வறையைத் திறப்பித்தபோது ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. அரித்தவை போக எஞ்சியவற்றையே தமிழகம் பெற்றது. அக்கதையின் பிற்பகுதியை நாம் அத்துணை எடுத்துப் பேசுவதில்லை. ஏட்டில் சொல் இருந்தது, பண் இல்லை. அப்பாடல்களை எவ்வாறு பாடுவது என்பதை அறியத் திருஎருக்கத்தம்புலியூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கே திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்மணியின் குரலில்தான் பண்கள் வாழ்ந்திருந்தன. அவ்வம்மையார் இல்லையேல் ஏடு கிடைத்தும் இசை கிடைத்திராது.

ஐரோப்பிய நாடுகளில் இந்நிலை வேறு. அங்கு இசையமைப்பவர் தம் கையாலேயே தாளில் சுரங்களை எழுதி வைப்பது வழக்கம். ஜெர்மானிய இசைமேதை பாக் 1750இல் மறைந்தார். அவர் எழுதிய தாள்கள் இன்றும் பெர்லின் நூலகத்தில் பேணப்படுகின்றன. நம் நாட்டிலோ பாடியவர் பாடினார், அருகிருந்த மாணாக்கர் செவியால் ஏற்றார். எழுதியவர் ஒருசிலரே. தியாகராசர் பாடல்களை அவர்தம் மாணாக்கர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் எழுதிவைத்த ஏடுகள் மதுரை சௌராட்டிர சபையில் காக்கப்பட்டு வருவது நாம் செய்த தவப்பயன். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் மன்னர்கள் தொகுத்த இசைச் சுவடிகள் உள்ளன. முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்கள் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் ஏட்டிலும் அக்குடும்பத்தின் செவியிலும் தங்கியிருந்தன. எட்டயபுரத்தில் வாழ்ந்த அக்குடும்பத்தின் வழித்தோன்றலாய் வந்து, அனைத்தையும் எழுதி அச்சேற்றி உலகிற்கு ஈந்தவரே சுப்பராம தீட்சிதர்.

அவர் பிறந்த குடும்பத்தைச் சிறிது அறிந்துகொள்வது நலம். திருவாரூரில் வாழ்ந்த இராமசாமி தீட்சிதர் (1735–1817) பெரும் இசைப்புலவர். ஹம்சத்வனி என்னும் இராகம் அவர் கண்டது என்பர். திருவிழாத் தொடக்கத்தில் நாகசுரக்காரர் விநாயகப் பெருமானை வணங்கி அந்த இராகத்தை இசைக்கும்போது, ஈப்போ நகரக் கோயில்களிலும் அப்பெரியவரின் கொடையை நாம் கேட்கின்றோம். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, இசையில் 72 மேளங்கள் அமையும் என்று கணக்கிட்டுக் காட்டிய பேரறிஞர். அவர் வழியில் வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் இராமசாமி தீட்சிதர் பயின்றார். ஆகவே வேங்கடமகியின் இசைநூல் மரபும் அவர் இயற்றிய கீதங்களும் இந்தக் குடும்பத்தின் உடைமையாயின.

இராமசாமி தீட்சிதருக்கு முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி என மூன்று புதல்வர்கள். மூத்தவர் மன்மத ஆண்டு பங்குனித் திங்கள் கிருத்திகை நாளில் பிறந்தவர். முருகப்பெருமானின் விண்மீனில் பிறந்த அப்பிள்ளைக்குத் திருத்தணியில் அப்பெருமானே முதியவர் வடிவில் தோன்றி வாயில் கற்கண்டு இட்டருளினான் என்பது வரலாறு. அன்று தொடங்கிய பாடல்கள் யாவற்றிலும் குருகுகன் என்னும் முத்திரை விளங்குகின்றது. இளையவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னை மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அந்த அயல்நாட்டுக் கருவியை நம் இசைக்கு இசைவித்தவர். இன்று வயலின் இல்லாத கச்சேரி ஏது? அதற்கு வித்திட்டவர் அவரே.

பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக அமர்ந்தார். தம்பியைக் காண வந்த முத்துசுவாமி தீட்சிதர் அவ்வூரிலேயே 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில், மதுரை மீனாட்சியம்மை மீது தாம் இயற்றிய கீர்த்தனையை மாணாக்கர்கள் பாடக் கேட்டவாறே இறைவியின் திருவடி சேர்ந்தார். அவருடைய நினைவிடம் இன்றும் எட்டயபுரத்தில் உள்ளது.

இதற்கு நான்காண்டுகள் கழித்து, 1839இல், பாலுசுவாமி தீட்சிதரின் மகள் அன்னபூரணி அம்மையாருக்கும் சிவராம ஐயருக்கும் திருவாரூரில் ஓர் ஆண் மகவு பிறந்தது. பாலசுப்பிரமணியன் எனப் பெயரிடப்பட்ட அம்மகவே பின்னாளில் சுப்பராம தீட்சிதர். ஆண் வாரிசு இல்லாத பாலுசுவாமி தீட்சிதர் பெயரனையே சுவீகாரம் செய்துகொண்டார். அதனால் முத்துசுவாமி தீட்சிதர் அவருக்குப் பிறப்பு முறையில் பாட்டனாரின் தமையனார், சுவீகார முறையில் பெரிய தந்தையார். ஆயினும் அப்பெரிய தந்தையாரை அவர் கண்ணால் கண்டதில்லை, அக்குரலைக் கேட்டதில்லை. அறிந்தவை யாவும் பாலுசுவாமி தீட்சிதர் வாயிலாக வந்தவையே. பிற்காலத்தில் அவர் செய்த பெரும்பணியை எண்ணும்போது இதனை மறத்தலாகாது. நேரில் கேட்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலத்தில், கேட்டவரிடம் கேட்டவர் என்ற ஒரே கண்ணியாக அவர் நின்றார்.

சிறுவனுக்குப் பாட்டும் வீணையும் வீட்டிலேயே கற்பிக்கப்பட்டன. விளாத்திகுளம் கிருஷ்ணமாச்சாரியரிடம் தெலுங்கும் வடமொழியும் பயின்றார். பதினேழு வயதில் கழுகுமலை முருகன் மீது தர்பார் இராகத்தில் ஒரு தான வர்ணம் இயற்றி அரசவையில் பாடினார். கேட்ட அரசருக்கு ஐயம் எழுந்தது. இத்தனை இளையவர் இத்தகைய வர்ணத்தை இயற்றியிருக்க முடியுமா? பாட்டனார் இயற்றிக் கொடுத்ததைப் பெயரன் பாடுகின்றானோ? எனவே யமுனா கல்யாணி இராகத்தில் ஒரு ஜதிசுரம் இயற்றுமாறு பணித்துச் சோதித்தார். இளைஞர் அதனையும் செவ்வனே இயற்றிக் காட்டவே, அரசர் ஐயம் நீங்கிப் பரிசளித்துப் பாராட்டினார். பத்தொன்பதாம் வயதில் அவர் சமஸ்தான வித்துவான் ஆனார். அடுத்த ஆண்டே பாலுசுவாமி தீட்சிதர் மறைந்தார். குடும்பத்தின் ஏட்டுச் சுவடிகளும் அவற்றைப் பாடும் முறையும் இருபது வயது இளைஞரின் பொறுப்பில் வந்து சேர்ந்தன.

அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் அந்தச் சிற்றூரிலேயே அரசவைப் பணியில் கழித்தார். வர்ணங்கள், கீர்த்தனைகள், இராகமாலிகைகள் பல இயற்றினார். அரசர்கள் மாறினர். வித்துவான் மாறவில்லை. இக்காலத்தைப் பற்றி விரித்துரைக்க அதிகம் இல்லை. அமைதியான வாழ்வு அது.

அக்காலத்து இசைக் குடும்பங்களின் மனநிலையை இங்குக் குறிப்பிட வேண்டும். பாட்டு என்பது குடும்பச் சொத்து. நிலபுலன் இல்லாத வித்துவானுக்கு அதுவே நிலம், அதுவே பொன். தக்க மாணாக்கன் பல்லாண்டு பணிவிடை செய்து கற்க வேண்டிய ஒன்றை, காசு கொடுத்து நூல் வாங்கும் எவரும் பார்க்கலாம் என்று திறந்துவைக்க எவருக்கும் எளிதில் மனம் வராது. இதனைத் தன்னலம் என்று இக்காலத்தவர் சொல்லிவிடலாம். அது முழு நியாயமன்று. அரைகுறையாகக் கற்றவர் கையில் பாடல் சிதைந்துவிடும் என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. அந்த அச்சம் வீணானதும் அன்று.

இப்பூட்டைத் திறக்க வந்தவர் ஒரு கிறித்தவர் என்பது இறைவனின் திருவிளையாடல். அவர் பெயர் ஏ. எம். சின்னசாமி முதலியார். சென்னை அரசாங்கத் தலைமைச் செயலகத்தில் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர், எம்.ஏ. பட்டம் பெற்றவர், கத்தோலிக்க சமயத்தவர். மேலைநாட்டு இசையை முறையாக அறிந்த அவர், ஐந்து கோடுகளில் எழுதப்படும் ஐரோப்பியச் சுரக்குறியில் நம் கீர்த்தனைகளை எழுதினால் உலகம் முழுவதும் அவற்றைப் படித்து இசைக்கும் என்று கருதினார். பகலெல்லாம் அலுவலகக் கோப்புகள். எஞ்சிய நேரமெல்லாம் சுரங்கள். வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் மகனார் கிருஷ்ணசாமி பாகவதரின் துணையுடன் தியாகராசர் கீர்த்தனைகளை எழுதி, 1892 முதல் மாத வெளியீடாக அச்சிட்டு வந்தார். அதற்கு அரசு மானியம் எதுவும் இல்லை. கைப்பொருளே செலவாயிற்று. சேர்த்த செல்வம் கரைந்தது. இரவும் பகலும் நுண்ணிய குறிகளைப் பார்த்துப் பார்த்துக் கண்பார்வையும் மங்கலாயிற்று.

தியாகராசர் பாடல்களோடு முத்துசுவாமி தீட்சிதர் பாடல்களும் சேர்ந்தாலன்றித் தம் பணி நிறைவுறாது என்று உணர்ந்த முதலியார், எட்டயபுரத்தில் இருந்த சுப்பராம தீட்சிதரை நாடினார். தீட்சிதரும் உதவினார். ஆயினும் சென்னை எங்கே, எட்டயபுரம் எங்கே? அரசவைக் கடமை உடையவரால் பலகாலம் சென்னையில் தங்கியிருக்க இயலாது. வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. முதலியாரின் கண்ணொளி அதற்குக் காத்திருக்கவில்லை.

1899ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் வெங்கடேசுர எட்டப்ப மன்னரின் முடிசூட்டு விழா நடந்தது. அவ்விழாவிற்கு முதலியார் வந்தார். பார்வை குன்றியவர், பொருளை இழந்தவர். வந்த இடத்தில் தமக்கென எதனையும் அவர் வேண்டவில்லை. இந்த இசைச் செல்வம் முழுவதையும் தீட்சிதரைக் கொண்டே எழுதுவித்து அச்சிட வேண்டும் என்பதே மன்னரிடம் அவர் வைத்த விண்ணப்பம். மன்னர் இசைந்தார். சமஸ்தானத்தின் பொருளுதவியுடன் நூலை உருவாக்கித் தருமாறு தம் வித்துவானைப் பணித்தார்.

தீட்சிதருக்கு அப்போது வயது அறுபது. நாற்பது ஆண்டுகள் காத்துவந்த ஒன்றைக் கையிலிருந்து விடுவிக்க வேண்டிய தருணம். அரச கட்டளையை மீறுதல் இயலாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கட்டளைக்காகச் செய்பவர் கடமைக்கு ஒரு சிறு நூல் எழுதி முடித்திருக்கலாம். பத்துப் பாட்டுகளைக் கொடுத்து நூறு பாட்டுகளை மறைத்திருக்கலாம்; யாரே அறிவார்? அவரோ எழுதத் தொடங்கியபின் எதையும் ஒளிக்கவில்லை என்பதை நூலின் பருமனே காட்டும். அதன் பெயர் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி. இசை மரபை எடுத்துக் காட்டுவது என்பது அதன் பொருள். 1904ஆம் ஆண்டில் எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது. பக்கங்கள் ஏறக்குறைய 1,700.

கனகாம்பரி முதல் ரசமஞ்சரி ஈறாக வேங்கடமகி மரபின் 72 மேளங்களும் அந்நூலில் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வோர் இராகத்திற்கும் இலக்கணம் கூறி, அதற்குச் சான்றாக வேங்கடமகி பெயரால் வழங்கும் கீதத்தைத் தந்து, முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி, முடிவில் தாமே இயற்றிய சஞ்சாரியையும் சேர்த்துள்ளார். முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்கள் மட்டும் 229. இராமசாமி தீட்சிதர், பாலுசுவாமி தீட்சிதர் முதலிய பலருடைய பாடல்களும் அதில் இடம்பெற்றன. எட்டயபுரத்து அரசர்கள் முருகன் மீது இயற்றிய பாடல்களையும் விட்டுவிடவில்லை. சார்ங்கதேவர் தொடங்கி இசைவாணர் எழுபத்தாறு பேரின் வாழ்க்கைக் குறிப்புகளையும் எழுதிச் சேர்த்தார். முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றி இன்று நாம் சொல்லும் திருத்தணிக் கதை முதலான பலவற்றிற்கும் அக்குறிப்புகளே மூலம்.

இவற்றினும் அரிய பணி ஒன்று உண்டு. ஸ, ரி, க, ம என்று எழுதிவிட்டால் பாட்டு எழுதப்பட்டதாகுமா? ஒரே காந்தாரம் ஓர் இராகத்தில் அசையாது நிற்கும், மற்றோர் இராகத்தில் ஊஞ்சலாடும், வேறோர் இராகத்தில் மேலிருந்து வழுக்கி இறங்கும். அந்த அசைவே இராகத்தின் உயிர். அதற்குக் கமகம் என்று பெயர். ஐரோப்பியச் சுரக்குறி சுரத்தின் இடத்தைத் துல்லியமாகக் காட்டுமேயன்றி இந்த உயிரை அதனால் எளிதில் பிடிக்க இயலவில்லை. திருஎருக்கத்தம்புலியூர் அம்மையாரின் குரலில் இருந்ததும் இத்தகைய ஒன்றே அன்றோ? அதை எழுத்தில் வடிக்கத் துணிந்தார் தீட்சிதர்.

கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஒரிகை எனக் கமகங்களை வகைப்படுத்தினார். இவற்றுள் பல தமிழ்ப் பெயர்கள் என்பதை அன்பர்கள் காணலாம். வீணை வித்துவான்கள் தமக்குள் பேசி வந்த சொற்கள் அவை. ஒதுக்கல் என்பது வீணையின் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் ஒதுக்கி மேல் சுரத்தை எழுப்புவது. கையை வேறு மெட்டிற்கு நகர்த்துவதில்லை. ஜாரு என்பது ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு இடைவெளி தோன்றாமல் வழுக்கிச் செல்வது. ஒவ்வொன்றிற்கும் ஒரு சிறு குறி. அக்குறியைச் சுரத்தின் தலைமேல் இட்டுக் காட்டினார். வீணையில் விரல் செய்வதைத் தாளில் பேனா செய்வதற்கு இவ்வாறு ஒரு வழி பிறந்தது. எட்டயபுரம் போன்ற ஒரு சிற்றூர் அச்சகத்தில், ஓர் எழுத்தின் மேலும் கீழும் இத்தனை குறிகளையும் கோத்து, பிழை திருத்தி, 1,700 பக்கம் அச்சிட்ட தொழிலாளர்களின் பொறுமையும் போற்றற்குரியது. அவர்கள் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

நூல் தெலுங்கு மொழியில், தெலுங்கு எழுத்தில் அமைந்தது. தமிழகத்தில் எழுந்த நூல் தமிழில் இல்லையே என்று சிலர் வருந்தக்கூடும். அக்காலத்து இசையுலகில் தெலுங்கே பொதுமொழி. எட்டயபுரம் அரச குடும்பத்தின் தாய்மொழியும் அதுவே. வடமொழிப் பாடல்களின் ஒலிகளைப் பிழையின்றி எழுதவும் அவ்வெழுத்து ஏற்றதாயிருந்தது. இவை காரணங்கள். ஆயினும் தமிழ் மட்டும் கற்றவர்களுக்கு அந்நூல் நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

நூல் வெளிவந்த அதே 1904இல் பம்பாயிலிருந்து ஓர் அறிஞர் எட்டயபுரத்தைத் தேடி வந்தார். வழக்குரைஞராகிய அவர் பெயர் விஷ்ணு நாராயண பாத்கண்டே. வடநாட்டு இசையை ஒழுங்குபடுத்தப் பழஞ்சுவடிகளைத் தேடித் தென்னகம் முழுதும் பயணம் செய்தவர். பல இடங்களில் மனம் சோர்ந்தவருக்குச் சுப்பராம தீட்சிதரின் சந்திப்பு பெரும்பயன் அளித்தது. வேங்கடமகியின் சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலை அவர் இங்கேதான் பெற்றுச் சென்றார். பின்னர் அந்நூல் அச்சேறி வடநாட்டவரும் கற்கும் நிலை உண்டாயிற்று. வடநாட்டு இராகங்களைப் பத்துத் தாட்டுகளாக பாத்கண்டே வகுத்தபோது, வேங்கடமகியின் மேளக் கணக்கு அவருக்குத் துணைநின்றது. வீட்டுச் சுவடியை அயல்மொழிக்காரர் ஒருவர் கையில் கொடுத்த அந்த மனிதர், பாட்டைப் பூட்டிவைத்த தலைமுறையிலிருந்து நெடுந்தொலைவு வந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு, 1905இல், இளையோர்க்கென முதற்பயிற்சி நூல் ஒன்றையும் தீட்சிதர் வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் மணலியில் வாழ்ந்தபோது, சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு இசைத்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். நோட்டுசுர சாகித்தியங்கள் எனப்படும் அவை சுமார் நாற்பது உள்ளன. ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அந்நாளில் மலாயாத் தோட்டப்புறப் பள்ளிகளில் பயின்ற முதியவர்களுக்கு அம்மெட்டு நன்கு தெரியும். மன்னரை வாழ்த்திய அதே மெட்டில் அம்பிகையை வாழ்த்தும் பாடல் ஒன்று, மலாயாவில் ஒரு ரப்பர் மரமும் இல்லாத காலத்திலேயே தமிழகத்தில் பாடப்பட்டு வந்தது என்பது அவர்களுக்கு வியப்பளிக்கும்.

1906ஆம் ஆண்டில் சுப்பராம தீட்சிதர் தம் அறுபத்தேழாம் வயதில் இறையடி சேர்ந்தார். நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகள். மன்னர் பணித்ததும் தீட்சிதர் எழுதியதும் சில ஆண்டுகள் தள்ளிப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவே நெஞ்சம் நடுங்குகின்றது. அவ்வூரிலே பிறந்து அந்த அரசவையை அறிந்து வளர்ந்த மகாகவி சுப்பிரமணிய பாரதியார் அப்போது இருபத்து மூன்று வயது இளைஞர். தீட்சிதரின் மறைவுக்கு இரங்கி அவர் பாடிய பாடல்கள் பாரதியார் கவிதைத் தொகுப்புகளில் இன்றும் உள்ளன. இசைவாணர் ஒருவரின் மறைவிற்குப் பெருங்கவிஞர் ஒருவர் இரங்கற்பா பாடுவது எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

எட்டயபுரத்தையும் பேராக் மாநிலத்தையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு. அதுவும் கழுகுமலை முருகனே. இளைஞர் சுப்பராமர் முதல் வர்ணம் பாடிய அதே பெருமான் மீதுதான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடினார். ஒன்று அரசவையில் வீணையோடு ஒலித்தது. மற்றொன்று காவடி தூக்கியவர்களின் கால்நடையோடு ஒலித்தது. கோலகங்சாரில் 1877இல் முதல் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. தீட்சிதரின் நூல் அச்சாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் பேராக்கில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்தன. அங்கே வந்திறங்கிய நம் முன்னோரோடு காவடிச் சிந்தும் பஜனைப் பாடல்களும் கப்பலேறி வந்தன. லயத்து வீடுகளில் பால்மரம் வெட்டிய கைகள் மாலையில் தாளம் தட்டின. பாடத் தெரிந்தவர் பாடினார், எழுதத் தெரிந்தவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். வரிகள் எழுதப்பட்டன. மெட்டு மட்டும் நினைவில் இருந்தது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. தகரப் பெட்டியில் வந்த நோட்டுகள் சில இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் மெட்டுகளைப் பாடிக்காட்டக் கூடியவர்கள் குறைந்துவிட்டனர். எட்டயபுரத்தில் ஒரு முதியவர் வீணையைக் கீழே வைத்துப் பேனாவை எடுத்தது ஏன் என்பது இங்குள்ளவர்களுக்கு எளிதில் விளங்கும்.

சுப்பராம தீட்சிதரின் மகனார் அம்பி தீட்சிதர் (1863–1936) சென்னைக்குக் குடிபெயர்ந்து, கேட்டவர்க்கெல்லாம் அப்பாடல்களைக் கற்பித்தார். பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த டி. எல். வெங்கடராம ஐயரும், கல்லிடைக்குறிச்சி அனந்தகிருஷ்ணையரும், இசையரசி டி. கே. பட்டம்மாளும் அவரிடம் பயின்றவர்கள். வானொலியிலும் இசைத்தட்டிலும் பட்டம்மாள் அம்மையாரின் குரலில் தீட்சிதர் கீர்த்தனைகள் கடல் கடந்து மலாயா வரை ஒலித்தன.

பிற்காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் பெயரால் மேலும் பல பாடல்கள் அச்சாயின. அவற்றுள் உண்மையானவை எவை, பிறர் இயற்றியவை எவை என்பது பற்றி இசைவாணரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஓர் இராகத்தின் உருவம் குறித்தோ ஒரு பாடலின் பாடம் குறித்தோ ஐயம் எழும்போதெல்லாம் அவர்கள் திரும்பிப் பார்ப்பது 1904ஆம் ஆண்டு நூலைத்தான். அதிலும் பிழை இருக்கலாம் என்போர் உண்டு. நாற்பதாண்டு நினைவில் வைத்து எழுதியவர் மனிதர்தாமே. இருப்பினும் அதனின் மூத்த சான்று வேறு எங்கே இருக்கின்றது?

நூல் தெலுங்கு எழுத்திலேயே இருந்த குறையையும் சென்னை மியூசிக் அகாடமி தீர்த்து வைத்தது. 1961ஆம் ஆண்டு தொடங்கி, பி. ராஜம் ஐயர், எஸ். இராமநாதன் ஆகியோரின் பதிப்பில் அது தமிழ் எழுத்தில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. இறுதித் தொகுதி வர 1983 ஆயிற்று. தீட்சிதர் தனியொருவராக நான்கு ஆண்டுகளில் எழுதி அச்சிட்டு முடித்ததைத் தமிழ் எழுத்திற்குக் கொணர, ஒரு பெரும் நிறுவனத்திற்கே இருபத்திரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தத் தமிழ்ப் பதிப்பிலும் நொக்கும் ஜாருவும் ஒதுக்கலும் தீட்சிதர் இட்ட குறிகளாகவே சுரங்களின் தலைமேல் நிற்கின்றன.